ஒரே உதை

ஜனவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. முறைக்காக எழுதவில்லை, நிஜமாகவே நன்றாக இருக்கிறது. உன் முதுகு வலி எப்படி? எந்திர அறையில் குனிந்து குனிந்து எண்ணெய் போட்டு, நீ ஊருக்கு வரும்போது கேள்விக்குறி மாதிரி வந்து நிற்கப்போகிறாய். கப்பலிலிருந்து அனுப்பிய கம்பளிச் சட்டை கிடைத்தது. கை ஒரு முழம் நீளம். யாரை மனதில் வைத்துக்கொண்டு வாங்கினாய்?

முக்கியமான சேதி. மே பதினொன்றாம் தேதி நம் வீடியோ கேம் சென்டரில் போட்டி. சண்டை கேம் மட்டும். நடத்துவது மெஷின் தயாரிக்கும் கம்பெனி. ஜெயிக்கிற ஒருவருக்கு அங்கேயே வேலை. புது கேம்களை வெளியே விடும் முன் ஆடிப் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். அண்ணா, ஆடுவதற்குச் சம்பளம்! ஏழு வருடமாக யார் யார் வாய்க்கோ பல்செட் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். மோட்டாரிலிருந்து கிளம்பும் பொடி தலைமுடியில், காதில், சாப்பாட்டு டப்பாவில். இந்தப் பல்செட் லேப்பை விட்டு வெளியே போக எனக்கு வேறு வாசல் கிடையாது. சென்டரில் என்னை அடிக்க ஆளும் கிடையாது.

அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று வாரமாக ஒருவன் வருகிறான். முப்பது வயது இருக்கும். கல்யாண வீட்டுக்குக் கிளம்பியவன் மாதிரி இஸ்திரி கலையாத சட்டை, கையெல்லாம் வெங்காய வாசனை. அதனால் வெங்காயம் என்றே பெயர் வைத்துவிட்டேன். கேமில் மொட்டைப் பயில்வானைத் தேர்ந்தெடுப்பான். குந்துவான். காலை நீட்டி என் ஆளை வாருவான். அவள் எழுந்திருப்பாள். மறுபடி வாருவான். அவ்வளவுதான் அவன் சரக்கு. என் ஜடைக்காரிக்கு முப்பத்திரண்டு அடி வரும், ஒவ்வொன்றையும் விரல் தேயத் தேயப் பழகியிருக்கிறேன். அத்தனையும் இந்த ஒரே உதையிடம் தோற்கிறது. தோற்பது கூடப் பரவாயில்லை அண்ணா. இப்படிப்பட்ட ஆளிடம் தோற்கிறோமே என்றுதான் வயிறு எரிகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். ஈரச் சட்டையோடு படுக்காதே.

உன் தங்கை,
கடுகு


பிப்ரவரி 2

அன்புள்ள கடுகுக்கு,

கடல் அமைதியாக இருக்கிறது, முதுகுதான் இல்லை. உனக்கு ஜலதோஷம் ஒன்றும் இல்லையே? சட்டையின் கை நீளமாக இருந்தால் மடித்துவிட்டுக்கொள். கத்தரியைத் தூக்கிவிடாதே.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். என் தங்கையை ஒருவர் மூன்று வாரமாகக் கீழே தள்ளுகிறார் என்றால் அவர் சாமானியப்பட்டவர் இல்லை. ஆள் பார்க்க எப்படி? பேச்சு எப்படி? சிகரெட் கிகரெட் உண்டா? இஸ்திரி போட்ட சட்டையோடு வருகிறார் என்றால் பொறுப்புள்ளவராகத்தான் இருப்பார். உன்னிடம் அந்த நாளிலேயே ஒரு குணம் உண்டு, உன்னை ஜெயித்தவரைத்தான் மனுஷராக மதிப்பாய். மற்றவர்களெல்லாம் உனக்கு நாற்காலி மேஜைக்குச் சமம். அதனால் கோபப்படாமல் நாலு வார்த்தை பேசிப் பார்.

அப்பாவுக்குப் பின்னால் அம்மாவும் போனதிலிருந்து நீ அந்த இரண்டு அறையில் தனியாக இருக்கிறாய். அதுதான் இங்கே என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அண்ணன்


பிப்ரவரி 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஜலதோஷம் இல்லை. கையை வெட்டிவிட்டேன், இப்போது சட்டை சரியாக இருக்கிறது.

வெங்காயத்துக்கு என்ன 'அவர்' வேண்டிக்கிடக்கிறது? நேற்று அவனை என்ன பாடு படுத்தினேன் என்று கேள். சென்டரில் இருந்த பதினைந்து பேரையும் கூப்பிட்டு அவன் முதுகுக்குப் பின்னால் நிற்கவைத்தேன். அவன் ஒவ்வொரு முறை வாரும்போதும் எல்லாரும் சேர்ந்து "அதே!" என்று கத்த வேண்டும். கத்தினார்கள். அதே! அதே! அதே! அவன் காது இரண்டும் சிவந்துவிட்டது. பார்க்க நன்றாக இருந்தது. நிறுத்தினானா? இல்லை. ஜெயித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "ஒரு டீ சாப்பிடப் போலாமாங்க?" என்றான். "உங்க மொட்டை வேற ஏதாவது கத்துக்கிட்டதும் வாங்க, போலாம்" என்றேன். சென்டரே சிரித்தது. அவனும் சிரித்தான், பாவம், தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று தெரியாத மாதிரி.

ஆனால் வினை அங்கேதான் பிடித்தது. கத்தினவர்களுக்கும் கண் இருக்கிறது அல்லவா? இன்றைக்கு பஸ் கண்டக்டர் ஒருவர் குந்தி வாருகிறார், முடிவெட்டுகிறவர் குந்தி வாருகிறார். அதுவும் என்னிடம் மட்டும். மற்றவர்களிடம் பலிக்கவில்லை. ஸ்டிக்கைக் கீழே இழுத்தால் நம் ஆளும் குந்திக்கொள்வாள், உதை படாது, சின்னக் குழந்தைக்குத் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் என் கை கீழே போவதில்லை. மூளை சொல்கிறது, கை கேட்கமாட்டேன் என்கிறது.

நம் வீட்டுக்குக் கீழே சலவைக் கடையில் இருந்த வீடியோ கேம் மெஷினில் ஆறு வருடம் இதே உதையால்தான் நீ என்னை அடித்தாய். மூத்தவனுக்கு இடப்பக்கம், இளையவளுக்கு வலப்பக்கம் என்று சட்டம் வேறு போட்டாய். அடித்தவனுக்குத்தானே தெரியும். நான் ஏன் குந்துவதில்லை? எதைப் பழகினால் சரியாகும்? யோசித்து எழுது. இந்த வேலை எனக்கு வேண்டும் அண்ணா. வேறு எதையும் உன்னிடம் கேட்டதில்லை.

முதுகுக்குத் தைலம் தேய்க்கிறாயா?

கடுகு


மார்ச் 29

அன்புள்ள கடுகுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நானும் அப்படியே. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. நடுக்கடலில் ஒரு பம்ப் நின்றுவிட்டது, பதினோரு நாள் நாங்கள் நாலு பேர் அதோடு மல்லுக்கட்டினோம். அப்புறம் மழை. இப்படி ஒரு மழையை நான் பார்த்ததே இல்லை. மேல்தளத்தில் காயப்போட்ட என் இரண்டு துணியும் கடலோடு போய்விட்டன.

நீ கேட்டிருந்த விஷயம். அதெல்லாம் பழைய கதை, எனக்கு ஒன்றும் சரியாக நினைவில்லை.

ஒன்று சொல்வேன், கோபித்துக்கொள்ளாதே. ஒரு போட்டிதானே? போனால் போகிறது. பதினைந்து பேரை நிற்கவைத்துக் கேலி செய்தும் ஒருவர் முகம் சுளிக்காமல் டீ குடிக்கக் கூப்பிடுகிறார் என்றால், அந்தப் பொறுமையை நீ கவனிக்க வேண்டாமா? ஒரு டீ குடித்தால் உன் கிரீடம் இறங்கிவிடுமா? வேலை வேலை என்று இருந்தால் வாழ்க்கை எப்போது வரும்?

சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே.

அண்ணன்


ஏப்ரல் 8

அண்ணாவுக்கு,

நலம். ஐந்து வாரம் தினமும் தபால்காரரை வழிமறித்தேன். மழை பெய்தது, துணி பறந்தது என்று எழுதியிருக்கிறாய்.

ஆறு வருடம் தினமும் அடித்தது நினைவில்லையாம். அடி வாங்கினவளுக்கு ஒவ்வொன்றும் நினைவிருக்கிறது.

இங்கே நானாகவே பழகிக்கொண்டிருக்கிறேன். லேப்பில் வேலை செய்யும்போது இடது மணிக்கட்டில் பிளாஸ்டர் கட்டி ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டேன், கை கீழே போகும் பழக்கம் வரட்டும் என்று. நேற்று அது மேஜையில் இடித்து, ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரின் மேல்வரிசைப் பல் இரண்டாகப் போய்விட்டது. சூப்பர்வைசர் அம்மா, "கையில கல்லைக் கட்டிக்கிட்டுதான் வேலை பாப்பியா? இந்தப் பல்லு அந்த மனுஷன் வாயில நிக்கணும், உன் விளையாட்டுல இல்ல" என்று எல்லார் முன்னாலும் பிடித்து உலுக்கிவிட்டார். இன்னொரு தடவை நடந்தால் சீட்டுக் கிழியும். அதனால் பழகுவதும் நின்றது.

இனி கடிதம் எழுதினால் வந்து சேராது. எந்தத் துறைமுகத்தில் இருந்தாலும் ஒரு தந்தி கொடு. நான் ஏன் குந்துவதில்லை? இரண்டே வார்த்தை போதும். மே பதினொன்றுக்கு முன்னால்.

கடுகு


மே 13

அண்ணாவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. தந்தி வரவில்லை.

நாற்பத்தொரு பேர் ஆடினார்கள். என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேர் குந்திக்கொண்டுதான் வந்தார்கள். எப்படியோ பல்லைக் கடித்துக்கொண்டு கடைசி ஆட்டம் வரை வந்துவிட்டேன். எதிரே வெங்காயம். இருபத்தாறு தடவை வாரினான். எண்ணினேன், வேறு செய்வதற்கு ஒன்றும் இல்லை. கம்பெனிக்காரர் வந்து அவன் கையைக் குலுக்கி, வேலைக்கான கடிதத்தைக் கொடுத்தார். அவன் என்னைப் பார்த்துக்கொண்டே வாங்கினான்.

நேற்று லேப்புக்கு வந்தான். எல்லார் பார்வையும் எங்கள் மேல். அந்த இஸ்திரிச் சட்டை. "என்னை உங்களுக்குப் பிடிச்சிருக்கும்னு நெனச்சேன்" என்றான். எந்த தைரியத்தில் என்று கேட்டேன்.

"உங்க அண்ணன்தான் சொன்னாருங்க. நான் அவரு கப்பல்ல சமையல்ல இருந்தேன். டிசம்பர்ல இறங்கும்போது, என் தங்கச்சியைப் போய்ப் பாருன்னாரு. தோக்கடிச்சாதான் திரும்பியே பாப்பா, இந்த ஒரு உதை மட்டும் கத்துக்கிட்டுப் போ, போதும்னாரு. எனக்கு இந்த கேமே தெரியாதுங்க."

"அந்த உதைக்கு நான் இன்னும் குந்தமாட்டேன்னு அண்ணனுக்கு எப்படித் தெரியும்?"

"சலவைக் கடை மெஷின்ல வலது பக்கத்து ஸ்டிக் கீழ போனா வேலை செய்யாதாமே. உள்ள கம்பி விட்டுப்போயிருந்துச்சாம். நீங்க அதுலயே கத்துக்கிட்டதால உங்க கைக்குக் கீழ போற புத்தியே இல்லைன்னாரு. சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

அவனை வெளியே போகச் சொல்லவில்லை. மோட்டாரைப் போட்டேன். பொடி பறந்தது, இருமிக்கொண்டே அவனாகப் போய்விட்டான்.

அந்த மெஷின் முன்னால் ஆறு வருடம் அழுதிருக்கிறேன். எனக்குக் கை வராது, மந்தப் புத்தி என்று நினைத்துத்தான் மற்ற முப்பத்திரண்டையும் அப்படி வெறி பிடித்துப் பழகினேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். கம்பி விட்டுப்போனது உனக்கு எப்போது தெரியும்?

தங்கை


ஜூன் 20

என் கடுகுக்கு,

நீ நலமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. கேட்காமலும் இருக்க முடியவில்லை.

பொய் சொல்லமாட்டேன். முதல் வருடமே தெரியும். எனக்குப் பதினாலு, உனக்குப் பத்து. சலவைக் கடைக்காரர் மெஷினின் பின்கதவைத் திறந்தபோது நான் பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன். கம்பி தொங்கிக்கொண்டிருந்தது. "நீயே பத்தவெச்சிடுடா" என்று சொல்லிவிட்டுப் போனார். ஐந்து நிமிஷ வேலை. பற்றவைத்துவிட்டேன் என்று அவரிடம் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் நான் கடைசி, தெருவில் நான் சோப்ளாங்கி, வீட்டில் அப்பா கண்ணில் நான் எதற்கும் உதவாதவன். அந்த ஒரு இடத்தில் மட்டும் நான் தினமும் ஜெயித்தேன். அதை விட மனம் வரவில்லை. அந்த வயதில்தான் அப்படி என்று எழுதலாம். ஆனால் பெரியவனான பிறகும் சொல்லவில்லையே.

சமையல்காரர் நல்லவர். உன்னைத் தனியாக விட்டுவிட்டு வந்த குற்ற உணர்ச்சியில் அவரை அனுப்பினேன். உன் இரண்டு கடிதமும் கையில் இருந்தது. பதில் சொன்னால் அவர் தோற்றுவிடுவார், நீ அவரைத் திரும்பிப் பார்க்கமாட்டாய் என்று கணக்குப் போட்டேன். அந்தப் போட்டி வேலை உனக்கு எவ்வளவு முக்கியம் என்று அப்போது உறைக்கவே இல்லை. உனக்கு எது நல்லது என்று எனக்குத்தான் தெரியும் என்ற திமிர். தந்தி அலுவலக வாசல் வரை போய்த் திரும்பினேன்.

என்னைத் திட்டு. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, ஒவ்வொரு வரியையும் படிக்கிறேன். செப்டம்பர் கடைசியில் என் ஒப்பந்தம் முடிகிறது. ஒன்பது வருடக் கடல் போதும். வீட்டுக்கு வந்துவிடலாம் என்று இருக்கிறேன். வரட்டுமா?

அண்ணன்


ஜூலை 10

அண்ணாவுக்கு,

நான் சௌக்கியம். வேலைக்குப் போய் வருகிறேன். நீ சௌக்கியமா?

தங்கை


ஆகஸ்ட் 4

அன்புள்ள கடுகுக்கு,

உன் கடிதம் வந்தது. உறையைக் கிழித்து உள்ளே வேறு தாள் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

சௌக்கியமாக இல்லை. சாப்பாடு இறங்கவில்லை. இங்கே என்னோடு இருப்பவர்களுக்கெல்லாம் வீட்டிலிருந்து நாலு பக்கம், ஐந்து பக்கம் வருகிறது. என்னைத் திட்டியாவது நாலு பக்கம் எழுது. உனக்குத் திட்டத் தெரியாதா என்ன? அந்த நாளில் நீ ஆரம்பித்தால் சலவைக் கடைக்காரரே இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு வந்து கேட்பார்.

கப்பல் கம்பெனியில் தாள் கொடுத்திருக்கிறார்கள். இறங்குகிறேனா, இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடுகிறேனா என்று செப்டம்பர் பன்னிரண்டுக்குள் சொல்ல வேண்டும். நீ வா என்று ஒரு எழுத்து எழுதினால் அன்றைக்கே தாளைக் கிழித்துவிடுவேன். எனக்கு இந்த உலகத்தில் உன்னைத் தவிர யார் இருக்கிறார்கள்? வரட்டுமா?

அண்ணன்


ஆகஸ்ட் 22

அண்ணாவுக்கு,

நான் சௌக்கியம். வேலைக்குப் போய் வருகிறேன். நீ சௌக்கியமா?

தங்கை


செப்டம்பர் 14

கடுகுக்கு,

இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு புள்ளி மாறவில்லை. முதல் கடிதத்தைப் பார்த்தே எழுதினாய் போலிருக்கிறது.

பதில் புரிந்தது. உன்னைக் குறை சொல்லவில்லை, நான் செய்ததற்கு இது குறைவுதான். பன்னிரண்டாம் தேதி கையெழுத்துப் போட்டுவிட்டேன். இனி இரண்டு வருடம் இறங்க முடியாது. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை தபால் படகுக்காகக் காத்திருந்தேன். ஆபீசர், "யாரை எதிர்பார்க்கிற? போட்டுட்டுப் போப்பா, பூட்டணும்" என்றார். போட்டேன்.

உனக்கு என் முகத்தைப் பார்க்கும் சங்கடம் இனி இல்லை. நன்றாக இரு. பல் பொடி மூக்கில் ஏறாமல் துணி கட்டிக்கொண்டு வேலை செய்.

அண்ணன்


அக்டோபர் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். மூக்கில் துணி கட்டிக்கொள்கிறேன். உன் முதுகு எப்படி இருக்கிறது?

நிறைய எழுதச் சொன்னாயே, எழுதுகிறேன். வெங்காயம் கம்பெனியில் சேர்ந்துவிட்டான். கேமை ஆடிப் பார்ப்பது என்றால் ஒரே பட்டனை நாள் முழுக்க ஆயிரம் தடவை அமுக்கி, மெஷின் திணறுகிறதா என்று பார்ப்பதாம். அவனுக்கென்றே அளவெடுத்துத் தைத்த வேலை. அவனைவிட அதிகமாக ஒருவரும் அமுக்குவதில்லையாம், இதற்குள் சம்பள உயர்வும் கொடுத்துவிட்டார்கள். என் கையும் வழிக்கு வந்துவிட்டது. இப்போது சென்டரில் யாராலும் என்னை வார முடியாது. போட்டிதான் முடிந்துவிட்டது, நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாவது கடிதத்தை முதல் கடிதத்தைப் பார்த்து எழுதவில்லை. இரண்டையும் ஒரே நாளில் எழுதி வைத்தேன். மூன்றாவதும் ஒன்று இருக்கிறது. அது தேவைப்படவில்லை.

திரும்பத் திரும்ப அதையே வாங்கிக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் செய்தேன். நீ எங்கே நிற்பாய் என்று எனக்குத் தெரியும். உன்னோடு வளர்ந்தவள் அல்லவா? கேட்டுக்கொண்டே இருப்பாய், கிளம்பமாட்டாய். உனக்கு அது கை வராது.

ஜன்னல் பக்கத்துக் கட்டிலில் உனக்கு என்று ஆகஸ்டிலேயே புது மெத்தை வாங்கிப் போட்டேன். நீ வந்து நின்றிருந்தால் ஒரு நாள் முழுக்கத் திட்டியிருப்பேன், மறுநாள் சோறு போட்டிருப்பேன். உன் பெட்டியில் என் கடிதம் எல்லாம் இருக்கும், எடுத்து நிதானமாகப் படித்துப் பார். வராதே என்று நான் எங்கேயும் எழுதவில்லை.

மெத்தை நன்றாக இருக்கிறது. நான்தான் படுக்கிறேன். இரண்டு வருடம் சீக்கிரம் ஓடிவிடும், உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
கடுகு